டேண்டம் சைக்கிளுக்கு இரண்டு ஜோடி பேரிங்

1. முதலில் என் தப்பு

செல்வம் தன் சைக்கிளின் பின்சக்கரம் கரகரக்கிறது என்று சொன்ன அன்று நான் அவரை நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, கடையில் நாலு பேர் முன்னால் அவர் மனைவி மல்லிகாவைத் திட்டவும் செய்தேன். எனக்கு வாய் நீளம் என்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று நீண்டது வாய் மட்டும்தான், புத்தி அல்ல.

போன வருஷத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இருந்தாலும் சைக்கிள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் போன் பண்ணிக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அக்கா, செராமிக் பேரிங் நல்லதா, ஸ்டீல் பேரிங் நல்லதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தக் கதையை எழுதி வைக்கிறேன். இதில் பதிலும் இருக்கிறது, நான் அசடு வழிந்ததும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேவகி. ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேரிங் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பேரிங்கை விரல்களுக்கு நடுவில் வைத்துச் சுற்றி, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். அந்தப் பிரிவை மூடியதும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஹாஜா பாய் வைத்திருந்த சைக்கிள் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பள புள்ள, கிரீஸ் கையா நிக்கணுமே, பரவால்லையா?"

நான் மேசை மேல் கிடந்த பழைய பேரிங்குகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுற்றி, கெட்டதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவர் அதில் ஒன்றை எடுத்துத் தானும் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, எனக்கும் ஒரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

2. பொட்டு

அந்தக் கடையில் சக்கரம் கட்டும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிம், ஸ்போக், ஹப் எல்லாம் சேர்த்துக் கட்டி, ஆட்டம் இல்லாமல் நேராக்கி முடித்ததும், நடுவில் இருக்கும் ஹப்பில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு மேல் கொஞ்சம் குங்குமம் வைப்பேன். ஓட்டுகிறவன் பத்திரமாகப் போய் வர வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல். புது லோரிக்கும் காருக்கும் வைப்பதில்லையா, அதுபோல.

ஹாஜா பாய் தொழுகைக்குத் தவறாமல் போகிறவர். முதல் தடவை பொட்டைப் பார்த்தபோது என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நடுவுல வெச்சிருக்கலாம்" என்றார். பிறகு சீனர், மலாய்க்காரர் எல்லோருமே பொட்டு வைத்த சக்கரம் வேண்டும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் நான் லீவு போட்டபோது பாய் கட்டின சக்கரத்தை, பொட்டு இல்லை என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதை ஹாஜா பாய் தன் வாயாலேயே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

3. கடை வாசலில் இரண்டு சக்கரம்

செராமிக் பேரிங் எங்கள் கடைக்கு வந்த புதிதில் ஹாஜா பாய்க்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு, ஒரே மாதிரி இரண்டு சக்கரங்களை மாட்டி வைத்தார். ஒன்றில் ஸ்டீல் பேரிங், இன்னொன்றில் செராமிக். வருகிறவர்களிடம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றி விடச் சொல்வார். ஸ்டீல் சக்கரம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். செராமிக் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிரே தெருவோர ஒட்டுக்கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பாத்தியா தேவகி, நீ கை கழுவிட்டு வந்துட்ட, அது இன்னும் நிக்கல" என்பார்.

"பாய், அது மேல யாராச்சும் உக்காந்திருக்காங்களா?" என்று நான் கேட்பேன்.

விஷயம் இதுதான். பேரிங் என்றால் இரண்டு வளையங்கள், நடுவில் ஓடும் குண்டுகள். குண்டு ஓடுகிற பாதைக்கு ரேஸ் என்று பெயர். உள்ளே தண்ணீர், மண் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும். அது சீல். ஸ்டீல் பேரிங்கில் எல்லாமே ஸ்டீல். சைக்கிளுக்கு வருகிற செராமிக் பேரிங்கில் பெரும்பாலும் குண்டு மட்டும்தான் செராமிக். ரேஸ் அதே ஸ்டீல்தான். இதைச் சொன்னால் வாங்க வந்தவர்களின் முகம் வாடிவிடும். ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

செராமிக் குண்டு லேசானது, மிகவும் கெட்டியானது, துருப்பிடிக்காது. அதெல்லாம் உண்மை. ஆனால் ஸ்டாண்டில் அந்தச் சக்கரம் அவ்வளவு நேரம் சுற்றியதற்குக் குண்டு மட்டும் காரணம் இல்லை. எங்களிடம் வந்த செராமிக் பேரிங்கில் கெட்டி கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெய். சீல் ரேஸின் மேல் உரசாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். உரசல் இல்லை, அதனால் சுற்றுகிறது. ஸ்டீல் பேரிங்கில் சீல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும், உள்ளே கிரீஸ் நிறைந்திருக்கும். கையால் சுற்றினால் சீக்கிரம் நிற்கும். ஆள் ஏறி மிதிக்கும்போது அந்த வித்தியாசம் எதிர்க்காற்றின் தடைக்கும் டயர் உரசலுக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை. தினமும் மழை கொட்டுகிற நம் ஊரில் அந்த மயிரிழை இடைவெளி வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆகிற செலவு வேறு.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

4. செல்வமும் மல்லிகாவும்

செல்வம் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி உடம்பு பிடித்துவிடும் நிலையத்தில் வேலை செய்கிறவர். பிறவியிலேயே கண் பார்வை இல்லை. வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே வருவார். மல்லிகா தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அவர்களிடம் ஒரு டேண்டம் இருந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கிற நீளமான சைக்கிள். முன்னால் மல்லிகா. திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் செல்வம். அவருக்கு மிதிப்பது மட்டும்தான் வேலை. "கல்யாணம் ஆன நாள்லருந்து இப்படித்தான்கா, நான் மிதிப்பேன், அவ திருப்புவா" என்பார். மல்லிகா அவர் முதுகில் ஒன்று வைப்பார்.

ஆண்டுதோறும் கிள்ளானில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கும். காலையில் கிளம்பி, காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர் போய், பதினொரு மணிக்குள் கிள்ளான் திடலுக்குத் திரும்பிவிட வேண்டும். பின்தங்குகிறவர்களைக் கடைசியில் வரும் லோரி சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும். நான் சொல்லும் இந்த ஆண்டுக்கு முந்தின ஆண்டு இவர்களை லோரி ஏற்றிக்கொண்டுவிட்டது.

அந்தக் கதையை மல்லிகாதான் என்னிடம் சொன்னார்.

"லோரியில இவர பாத்துட்டு ஒரு அம்மா சொல்றாங்க, பாவம், கண்ணு தெரியாதவரு, இவ்ளோ தூரம் வந்ததே பெருசுன்னு. இவர் கண்ணாலயாக்கா நாங்க லோரியில ஏறினோம்? எனக்குத்தான் முடியல. எதிர்க்காத்துல மூச்சு வாங்கி நின்னுட்டேன். பேச்சு வாங்கினது இவரு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவையும் லோரின்னா வண்டிய வித்துருவேன்கா. என்னால இவர் இன்னொரு தடவ அத கேக்க வேணாம்" என்றார்.

செல்வம் அப்போது வாசலில் இருந்தார். மல்லிகா மெதுவாகத்தான் பேசினார். ஆனால் அவர் காதுக்கு எட்டாமல் எதையும் பேச முடியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

செல்வத்தை வாசலில் பிடித்துக்கொண்டது ஹாஜா பாய். இரண்டு சக்கரங்களையும் சுற்றி விட்டு, "கேளுங்க" என்றார். செல்வம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஸ்டீல் சக்கரத்தில் லேசான இரைச்சல். செராமிக் சக்கரத்தில் ஒன்றுமே இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, எனக்கு இதுதான் வேணும். சத்தமே இல்லாம ஓடணும்."

நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். குண்டு, ரேஸ், சீல், மழை. டேண்டத்தில் இரண்டு பேர் எடை என்பதால் ஸ்டீல்தான் தாங்கும், செராமிக் போட்டால் வேகம் ஒன்றும் கூடிவிடாது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேகத்துக்கு இல்லக்கா. சத்தம் இருக்கக் கூடாது, அதான்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கண் தெரியாதவருக்கு ஓசையில் ஓர் ஆசை இருக்கும்போல என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மனசும் இளகிவிட்டது. சரி, போட்டுத் தருகிறேன் என்றேன்.

5. கொஞ்சம் தாராளமாக

பின்சக்கரத்தை நானே பிரித்து, ஹப்பைத் துடைத்து, பழைய பேரிங்கைக் கழற்றி, புதிதை அழுத்தி உட்கார வைத்தேன். சக்கரத்தை நேராக்கி முடித்ததும் சந்தனம் கரைத்தேன். வழக்கமாக ஒரே ஒரு பொட்டுதான், அதுவும் ஹப்பின் நடுவில். இந்தச் சக்கரத்துக்கு மட்டும் என் கை அடங்கவில்லை. லோரியில் அந்த அம்மா சொன்னது மனசில் நின்றது. நடுவில் ஒன்று, இடது முனையில் ஒன்று, வலது முனையில் ஒன்று என்று வைத்தேன். கோவிலிலிருந்து வாங்கி வந்த தீர்த்தத்தையும் கொஞ்சம் தெளித்தேன்.

ஹாஜா பாய் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

செல்வம் பொட்டுகளைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். ஈரமாக இருக்கிறது, தொடாதீர்கள் என்றேன். மல்லிகா ஹப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவரும் கிளம்பிப் போகிற அழகை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அன்று முழுக்க நல்ல சந்தோஷம்.

6. ஜெட் அடிச்சீங்களா

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஓட்டத்துக்கு இன்னும் எட்டு நாள்.

"அக்கா, பின்சக்கரம் கரகரங்குது" என்றார் செல்வம்.

"அது செராமிக். சத்தம் போடாது. நீங்கதானே காது வெச்சு கேட்டு வாங்கினீங்க."

"இருக்குக்கா. ஈர மாவுல மண்ணு விழுந்து அரைக்கிற மாதிரி. உக்காந்தா சீட்டுலயே தெரியுது."

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். என் விரலுக்கே கரகரப்பு தெரிந்தது. மூன்று வாரத்தில் இப்படி ஆக ஒரே காரணம்தான் என் தலைக்குள் வந்தது. நம் ஊர் ஆட்கள் மழையில் ஓட்டிவிட்டு வந்து, கார் கழுவுகிற கடையில் சைக்கிளை நிறுத்தி, அந்தத் தண்ணீர்த் துப்பாக்கியை ஹப்புக்கு நேராகப் பிடிப்பார்கள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

"மல்லிகா, ஜெட் அடிச்சீங்களா?"

மல்லிகா முழித்தார். "காப்பார் போயிட்டு வரும்போது மழைக்கா. சேறு. ஒரே ஒரு தடவதான், அதுவும் தூரத்துல நின்னுதான் அடிச்சேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். படித்துப் படித்துச் சொன்னேனே, இவ்வளவு நல்ல பேரிங்கைக் கொடுத்தும் கட்டிக்காக்கத் தெரியவில்லையே, தூரம் என்றால் எவ்வளவு தூரம், கையை விரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். செல்வம்தான், "விடுங்கக்கா, அவ வேணும்னா செஞ்சா?" என்றார். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, வண்டியையும் கடையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஹாஜா பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டினால் எனக்குப் பிடிக்காது.

7. வாசனை

திங்கட்கிழமை மதியம் பேரிங்கைத் திறக்க உட்கார்ந்தேன். செல்வம் வேலைக்கு நடுவில் கிடைத்த ஓய்வில் தனியாக வந்து என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய கத்தி முனையால் சீலை நெம்பி எடுத்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. சேறு இப்படி இருக்காதே என்று நான் விளக்கைக் கிட்ட இழுத்தேன்.

செல்வம் மூக்கை உறிஞ்சினார். "அக்கா, சந்தன வாசன வருது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நானும் மோந்து பார்த்தேன்.

நான் வைத்த பொட்டுதான். பேரிங் உட்கார்ந்திருக்கிற முனைகளில் வைத்த இரண்டு பொட்டும், தெளித்த தீர்த்தத்தில் கரைந்து, சீலின் அந்த மயிரிழை இடைவெளி வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. பிறகு பெய்த மழையும் கொஞ்சம் சேர்த்துத் தள்ளியிருக்கும். பாக்கெட் சந்தனத்தில் என்ன மண்ணைக் கலக்கிறார்களோ, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. துடைத்துப் பார்த்தேன். குண்டுகள் புதிதாகவே இருந்தன, ஒரு கீறல் இல்லை. அவை ஓடுகிற ரேஸ்தான் முழுக்கச் சொரசொரத்துப் போயிருந்தது. செராமிக் குண்டின் கெட்டித்தனம் இப்படித்தான். நடுவில் மண் வந்தால் அது தாங்கிவிடும், ஸ்டீல் ரேஸ் தாங்காது.

இத்தனை வருஷம் பொட்டு வைத்து எந்தச் சக்கரத்துக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஸ்டீல் பேரிங்கின் இறுக்கமான சீலும் கெட்டி கிரீஸும் என் பொட்டை வெளியிலேயே நிறுத்தி என் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. சீலைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், என் கையால் நானே அதற்குள் மண்ணைப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நான் வெச்ச பொட்டுதான் செல்வம். மல்லிகா மேல தப்பில்ல. என் மேலதான்."

அவர் சிரித்தார். "எனக்கு சனிக்கிழமையே லேசா வாசன வந்துச்சுக்கா. சொன்னா நீங்க என்னையும் ஏசுவீங்கன்னு விட்டுட்டேன்."

8. எதுக்கு

மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "செல்வம், சத்தம் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. எதுக்கு?"

அவர் கம்பை முழங்காலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மல்லிகா முடியலன்னு சொல்ல மாட்டாக்கா. மேட்டுல, எதிர்க்காத்துல அவளுக்கு மூச்சு வாங்கும், ஆனா சொல்ல மாட்டா. அவ மூச்சு கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும். அப்ப நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிப்பேன், அவ காலு லேசாயிரும். அன்னைக்கு வண்டி போட்ட சத்தத்துல எனக்குக் கேக்கல. அவ நின்னப்பறம்தான் தெரிஞ்சிச்சு. வண்டிய வித்துருவேன்னு உங்ககிட்ட சொன்னதும் கேட்டுச்சு. வித்துட்டா அவளுக்கு வேற என்னக்கா இருக்கு? ஞாயித்துக்கெழம காலையில அந்தக் காத்துல போறப்பதான் அவ பாட்டு பாடுவா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். "அழுவாதீங்கக்கா" என்றார்.

"செராமிக் போட்டப்பறம் அவங்க மூச்சு கேட்டுச்சா?"

"வண்டிச் சத்தம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு." பிறகு உண்மையைச் சொன்னார். "இல்லக்கா. நானா நெனச்சிக்கிட்டேன். டக் டக்னு ஒரு சத்தம் அப்பவும் இருந்துச்சு."

டக் டக் சத்தம் பேரிங்கில் வராது. மறுநாள் செல்வம் வந்ததும் டேண்டத்தை ஸ்டாண்டில் ஏற்றினேன். வேறொரு சக்கரத்தை மாட்டி நான் பெடலைச் சுற்ற, செல்வம் வண்டியின் சட்டத்தைப் பின்னாலிருந்து முன்னால் வரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"உடம்பு பிடிக்க வர்றவங்க தோள்பட்ட வலிக்குதும்பாங்க. கையி வெச்சா கோளாறு கழுத்துல இருக்கும்" என்றார். அவர் விரல் முன் பெடலுக்குப் பக்கத்தில் நின்றது. "இங்கதான்கா."

முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கிற நீளமான செயின் தொய்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொய்வைச் சரிசெய்வது ஒரு திருகு வேலை. அந்தச் சத்தம் சட்டம் வழியாக அதிர்ந்து பின் சீட்டுக்கு வந்ததால் அவர் பின்சக்கரம் என்று நினைத்திருக்கிறார். மெக்கானிக் நான், வண்டியைக்கூடப் பார்க்காமல் பேரிங்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன். செயினை இறுக்கினேன். மட்கார்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போட்டேன். பின்சக்கரத்தில் நல்ல ஸ்டீல் பேரிங், இறுக்கமான சீல், கெட்டி கிரீஸ். நான் முன்னால் உட்கார, பின்னால் ஏறி ஒரு சுற்று மிதித்துப் பார்த்த செல்வம் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். மல்லிகா அடுப்பு முன்னால் நின்றிருந்தார். நாலு பேர் முன்னால் திட்டியதால் நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். கூட வேலை செய்கிற பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"நான் தூரத்துல நின்னுதான் அடிச்சேன்னு அப்பவே சொன்னேன்ல" என்றார் மல்லிகா. பிறகு உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் இரண்டைச் சுடச்சுட எடுத்து என் தட்டில் வைத்தார். அதோடு விட்டுவிட்டார். செல்வம் எதற்காகச் சத்தம் வேண்டாம் என்றார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

9. திடல்

ஞாயிற்றுக்கிழமை நானும் ஹாஜா பாயும் கிள்ளான் திடலில் பத்து மணியிலிருந்தே நின்றோம். வெயில் ஏறிவிட்டது. பத்தரைக்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பத்தே முக்காலுக்கு ஒரு லோரி வந்தது. வழியில் நின்றுபோனவர்களின் முதல் லோரி. பக்கத்தில் போய்ப் பின்னால் அடுக்கியிருந்த சைக்கிள்களைப் பார்த்தேன். நீளமான வண்டி எதுவும் இல்லை.

"இருக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார் பாய்.

"இல்ல."

அவர் பெருமூச்சு விட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது திடலின் வளைவில் டேண்டம் திரும்பியது. சக்கரத்தில் சத்தம் இல்லை, செயினில் சத்தம் இல்லை. எங்களைக் கடந்து போனபோது கேட்டதெல்லாம் இரண்டு பேர் மூச்சு வாங்குகிற சத்தம்தான். கோட்டைத் தாண்டியதும் ஹாஜா பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் ஓடினேன்.

செல்வம் வண்டியிலிருந்து இறங்கிப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். மல்லிகா தண்ணீர் புட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சாக்கா" என்று செல்வத்தின் காதோரம் குனிந்து கேட்டேன், பதற்றத்தில் அவர் என்னைக் கூப்பிடுவது போலவே எனக்கும் வாய் குழறிவிட்டது. திருத்திக்கொண்டு, "கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுக்கா. எதிர்க்காத்துல முழுக்கக் கேட்டுச்சு" என்று கண்ணை மூடியபடியே சொன்னார்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

10. இப்போது நான் சொல்கிற பதில்

எனவே, செராமிக்கா ஸ்டீலா? வண்டியை வீட்டுக்குள் வைத்து, மழை படாமல் ஓட்டி, அடிக்கடி பிரித்துத் துடைக்கிறவருக்குச் செராமிக் போடுங்கள். மழை, சேறு, இரண்டு பேர் எடை, கார் கழுவும் கடை, பொட்டு என்று எல்லாவற்றையும் பார்க்கப் போகிற வண்டிக்கு ஸ்டீல். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். எதுக்கு என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கப் பழகியது அந்த வருஷம்தான்.

ஓட்டம் முடிந்த அடுத்த வாரம் மல்லிகா தனியாகக் கடைக்கு வந்தார். முன் கைப்பிடியில் ஒரு பெல் மாட்ட வேண்டும் என்றார். நான் பெட்டியிலிருந்து ஒரு பெல்லை எடுத்துவிட்டேன். பிறகு கையை நிறுத்தினேன்.

"எதுக்கு மல்லிகா?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு மேட்டுல மூச்சு வாங்குதுக்கா. இப்ப வண்டியில சத்தம் இல்லையா, எனக்கு நல்லா கேக்குது. நிக்கலாமான்னா அவருக்கு ரோஷம் வந்துரும். அதனால பெல் அடிச்சா எனக்கு முடியலன்னு அர்த்தம்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்காக நின்னுருவாரு."

கையில் இருந்த சின்ன பெல்லைப் பெட்டியிலேயே போட்டேன். இருப்பதிலேயே நல்ல சத்தம் வருகிற பெல்லாகத் தேடி எடுத்து மாட்டினேன். சந்தனத்தைக் கரைத்து, பொட்டை அதன் மேல் வைத்தேன்.